தொகுதி, வார்டு எல்லை வரையும்போது நம் பங்கு: ஆட்சேபணை மனு எழுதுவது எப்படி?

2021 சட்டமன்றத் தேர்தலில் சோழிங்கநல்லூர் தொகுதியில் ஏறத்தாழ 7 லட்சம் வாக்காளர்கள். துறைமுகம் தொகுதியில் 1.8 லட்சத்துக்கும் குறைவு. அங்கேயும் ஒரு எம்.எல்.ஏ., இங்கேயும் ஒரு எம்.எல்.ஏ. இதில் யாருடைய சூழ்ச்சியும் கிடையாது. 2008-ல் நடைமுறைக்கு வந்த எல்லைகள் 2001 மக்கள்தொகைக் கணக்கை வைத்து வரையப்பட்டவை. பழைய மகாபலிபுரம் சாலையோரம் அடுக்குமாடிகள் வரிசைகட்டி நின்றது அதற்குப் பிறகுதான்.

கோடு பழசானால் இப்படித்தான் ஆகும், புதுக்கோடு போட்டே தீர வேண்டும். அதைப் போடும்போது பொதுமக்கள் பேசுவதற்குச் சட்டம் ஒரு சின்ன ஜன்னலைத் திறந்துவைக்கிறது. சின்னது என்றால் உண்மையிலேயே சின்னது. 2023-ல் அசாமில் தேர்தல் ஆணையம் நடத்திய மறுவரையறையை, அதாவது தொகுதி எல்லைகளைப் புதிதாக வரைந்ததை, பாருங்கள்: ஜூன் 20-ல் வரைவு வெளியானது, ஆட்சேபணை தெரிவிக்க ஜூலை 11 கடைசி நாள், ஜூலை 19 முதல் 21 வரை குவாஹாத்தியில் கருத்துக் கேட்புக் கூட்டம், ஆகஸ்ட் 11-ல் இறுதி ஆணை. ஒரு மாநிலம் முழுவதற்கும் மனுப்போடக் கிடைத்தது மூன்று வாரம். வரைவு வெளியான பிறகு கணக்குப் பார்க்க உட்கார்ந்தால் நேரம் போதாது. இந்தக் கட்டுரையில் பாதி, அதற்கு முன்பே செய்துவைக்க வேண்டிய வேலைகளைப் பற்றியது.

இரண்டு வேறு வேலைகள், இரண்டு வேறு ஆணையங்கள்

புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது இங்கேதான். மாநகராட்சி வார்டு வேறு, சட்டமன்றத் தொகுதி வேறு. வரைகிற அமைப்பும் வேறு, சட்டமும் வேறு, மனு போக வேண்டிய முகவரியும் வேறு.

நாடாளுமன்ற, சட்டமன்றத் தொகுதிகளைப் பொதுவாக வரைவது மத்திய அரசு அமைக்கும் தொகுதி மறுவரையறை ஆணையம் (அசாமில் தேர்தல் ஆணையமே வரைந்தது விதிவிலக்கு). ஒவ்வொரு கணக்கெடுப்புக்குப் பிறகும் நாடாளுமன்றம் இதற்கெனச் சட்டம் இயற்ற வேண்டும் என்கின்றன அரசியலமைப்பின் 82, 170 பிரிவுகள். கடைசியாக முழு அளவில் நடந்தது 2002-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, நீதிபதி குல்தீப் சிங் தலைமையில். அந்தச் சட்டப்படி உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவரோ ஓய்வுபெற்ற நீதிபதியோ தலைவர். தலைமைத் தேர்தல் ஆணையர் அல்லது அவர் நியமிக்கும் தேர்தல் ஆணையர் ஒருவர், மாநிலத் தேர்தல் ஆணையர் ஆகியோர் உறுப்பினர்கள். மாநிலத்துக்கு 5 எம்.பி.க்கள், 5 எம்.எல்.ஏ.க்கள் இணை உறுப்பினர்களாக உட்காருவார்கள். அவர்களுக்கு ஓட்டும் கிடையாது, கையெழுத்துப் போடும் உரிமையும் கிடையாது. ஆனால் அவர்கள் எழுதும் மாற்றுக்கருத்து வரைவோடு சேர்த்தே வெளியாக வேண்டும். வரைவைப் புரட்டும்போது முதலில் அந்தப் பக்கங்களைத் தேடுங்கள். எந்த எல்லையில் சண்டை இருக்கிறது என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

சென்னை மாநகராட்சியின் வார்டுகள் மாநில விவகாரம். 2017-ல் தமிழ்நாடு கொண்டுவந்த மறுவரையறை ஆணையச் சட்டத்தின்படி, மாநிலத் தேர்தல் ஆணையர் தலைமையிலான ஆணையம்தான் உள்ளாட்சி வார்டுகளை வரைந்தது. அந்த வார்டுகளை வைத்துத்தான் 2022 பிப்ரவரி 19-ல் மாநகராட்சித் தேர்தல் நடந்தது.

வார்டு எல்லைக்கான மனுவை இந்தியத் தேர்தல் ஆணையத்துக்கு அனுப்பினால் போன காரியம் திரும்பாது. எந்த அதிகாரியிடம், எந்தத் தேதிக்குள், தபாலா நேரிலா மின்னஞ்சலா என்பதெல்லாம் வரைவோடு வரும் அறிவிக்கையிலேயே இருக்கும். அந்த ஒரு பக்கத்தை நகலெடுத்துக் கோப்பில் முதல் தாளாக வையுங்கள்.

சட்டம் எதைக் கேட்கும், எதைக் கேட்காது

அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், இரு பெரிய கட்சியினரும் அவற்றைச் சாராதவர்களும் இருக்கும்படி தேர்ந்தெடுக்கப்பட்ட 14 குடிமக்கள் கொண்ட குழுவே எல்லையை வரைகிறது. நம் ஊரில் வரைவது ஆணையம். நமக்குக் கிடைப்பது ஆட்சேபணையும் யோசனையும் மட்டும். ஆகவே ஆணையம் எந்த அளவுகோலால் அளக்கிறதோ அதே அளவுகோலில்தான் நாமும் பேச வேண்டும்.

2002 சட்டத்தின் 9-ஆம் பிரிவு அந்த அளவுகோல்களைச் சொல்கிறது. தொகுதி இயன்றவரை நிலப்பரப்பில் கச்சிதமாக இருக்க வேண்டும். ஆறு, கால்வாய் போன்ற நில அமைப்புகள், இருக்கும் நிர்வாக எல்லைகள், போக்குவரத்து வசதி, பொதுமக்களின் வசதி ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். ஒரு சட்டமன்றத் தொகுதி முழுவதும் ஒரே மக்களவைத் தொகுதிக்குள் அடங்க வேண்டும். பட்டியல் சாதியினருக்கான தனித்தொகுதிகள் மாநிலத்தின் பல பகுதிகளிலும் பரவியிருக்க வேண்டும். அவை அந்த மக்களின் விகிதம் ஒப்பீட்டளவில் அதிகமுள்ள இடங்களில் அமைய வேண்டும்.

சட்டமன்றத் தொகுதி ஒரே மக்களவைத் தொகுதிக்குள் அடங்க வேண்டும் என்ற விதியைச் சென்னைக்காரர்கள் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். வட சென்னை, மத்திய சென்னை, தென் சென்னை என மூன்று மக்களவைத் தொகுதிகள், ஒவ்வொன்றிலும் 6 சட்டமன்றத் தொகுதிகள். 2008 ஆணையின்படி சென்னைக்குரிய 16 தொகுதிகளோடு வடக்கே திருவொற்றியூரும் தெற்கே சோழிங்கநல்லூரும் சேர்ந்து 18 ஆகின்றன. கொளத்தூர் வட சென்னையில், பக்கத்திலேயே உள்ள வில்லிவாக்கம் மத்திய சென்னையில். இந்த இரண்டுக்கும் இடையே நாலு தெருவை மாற்றுங்கள் என்று நீங்கள் கேட்டால், எம்.பி. தொகுதியின் எல்லையையும் மாற்றக் கேட்கிறீர்கள் என்று பொருள். இரண்டு கணக்கையும் சேர்த்துக் காட்டாத மனு அரை மனு. மாறாக, கொளத்தூருக்கும் பெரம்பூருக்கும் இடையே மாற்றம் கேட்டால் மக்களவை எல்லை அசையாது, வேலை சுலபம்.

கேட்டாலும் எடுபடாத விஷயங்களும் உண்டு. ‘எங்கள் மாவட்டத்துக்குக் கூடுதல் தொகுதி வேண்டும்’ என்பது எல்லை வரைவின்மீதான ஆட்சேபணை ஆகாது. மாநிலத்துக்கான மொத்த இடங்கள் சட்டத்தால் தீர்மானிக்கப்படுபவை. 1976-ல் வந்த 42-ஆவது திருத்தம் அந்த எண்ணிக்கையை 1971 கணக்கெடுப்போடு உறையவைத்தது. 84-ஆவது திருத்தம் அந்த உறைவை, 2026-க்குப் பிறகு எடுக்கப்படும் முதல் கணக்கெடுப்பு வெளியாகும் வரை நீட்டியது. அதைப் பற்றிப் பேச வேண்டிய இடம் நாடாளுமன்றமும் தெருமுனையும். கருத்துக் கேட்புக் கூட்டத்தில் அதைப் பேசினால் உங்களுக்கான இரண்டு நிமிடம் வீண். ‘இந்தக் கோட்டால் இன்ன கட்சி ஜெயிக்கும்’ என்ற வாதமும் அப்படியே. உண்மையாகவே இருக்கலாம், ஆனால் ஆணையத்தின் அளவுகோல்களில் அதற்கு இடமில்லை. அதே குறையை மக்கள்தொகை, கச்சிதம், போக்குவரத்து என்ற மொழியில் சொன்னால் காது கொடுப்பார்கள்.

படி 1: எண்ணை முதலில் கையில் எடுங்கள்

எல்லை வரைவுக்கு அடிப்படை மக்கள்தொகை. வாக்காளர் எண்ணிக்கை கிடையாது. தொட்டில் குழந்தையும் கணக்கில் சேரும். வாக்காளர் பட்டியலை வைத்து, ‘எங்கள் வார்டில் 40,000 ஓட்டு இருக்கிறது’ என்று எழுதப்படும் மனுக்கள் முதல் பார்வையிலேயே ஓரமாகப் போகும். அதுவும், வெளியான கடைசிக் கணக்கெடுப்பின் மக்கள்தொகையாக இருக்க வேண்டும். இன்றைக்கு எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று நீங்களே வீடு வீடாக எண்ணிய கணக்கு பின்னிணைப்பாகப் போகலாம், அடிப்படையாக நிற்காது.

2011 கணக்கெடுப்பை எடுத்தால் சென்னைக்கென்று ஒரு பொறி காத்திருக்கிறது. 42 உள்ளாட்சிகளைச் சேர்த்து மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது அதே 2011-ல்தான், ஆனால் கணக்கெடுப்பு பழைய எல்லையில் எடுக்கப்பட்டது. எனவே ‘சென்னை’ என்ற தலைப்பில் கிடைக்கும் 46,46,732 என்ற எண் பழைய நகரத்துக்கு மட்டும் உரியது. அதன் வார்டுவாரி அட்டவணை பழைய 155 வார்டுகளுக்கானது. அம்பத்தூர், திருவொற்றியூர், மாதவரம் வேண்டுமென்றால் திருவள்ளூர் மாவட்டக் கணக்கெடுப்புக் கையேட்டிலும், ஆலந்தூர், பெருங்குடி, சோழிங்கநல்லூர் வேண்டுமென்றால் காஞ்சிபுரம் மாவட்டக் கையேட்டிலும் தேட வேண்டும். பழைய ‘வார்டு 120’-இன் எண்ணை எடுத்து இன்றைய வார்டு 120-க்குப் போட்டுவிடாதீர்கள். இரண்டும் வேறு வேறு இடங்கள்.

இந்த எண்கள் என்ன சொல்லும் என்பதற்கு ஒரு கணக்கு. விரிந்த மாநகராட்சியின் 2011 மக்கள்தொகை சுமார் 66.72 லட்சம். 200 வார்டுக்கு வகுத்தால் சராசரி 33,360. அப்போது பழைய நகரப் பகுதிக்குக் கொடுக்கப்பட்டவை 107 வார்டுகள், புதிதாகச் சேர்ந்த பகுதிக்கு 93. வகுத்துப் பாருங்கள்: பழைய பகுதியில் வார்டுக்குச் சுமார் 43,400 பேர், புதிய பகுதியில் சுமார் 21,800 பேர். தண்டையார்பேட்டையில் ஒரு கவுன்சிலர் சுமக்கிற மக்களை மணலியில் இரண்டு கவுன்சிலர்கள் சுமக்கிற அளவு இடைவெளி. புறநகர் வளரும் என்ற எதிர்பார்ப்பில் இதற்கு ஒரு நியாயம் சொல்லலாம், வளரவும் செய்தது. என்றாலும் இப்படியொரு வகுத்தலை மனுவின் முதல் பத்தியில் போட்டால் யாராலும் தாண்டிப்போக முடியாது.

சட்டமன்றத் தொகுதிக்கும் இதே முறைதான். 2001-ல் தமிழ்நாட்டின் மக்கள்தொகை 6,24,05,679. 234-ஆல் வகுத்தால் சராசரி 2,66,691. சென்னையில் அப்போது 43,43,645 பேர்; சராசரியால் வகுத்தால் 16.29. அதனால்தான் முன்பு 14-ஆக இருந்த தொகுதிகள் 2008-ல் 16 ஆயின. அப்போதைய ஆணையம் சராசரியிலிருந்து 10 சதவீதம் வரை ஏற்ற இறக்கத்தை ஏற்றுக்கொண்டது; அதாவது 2,40,022-க்கும் 2,93,360-க்கும் நடுவில் இருந்தால் சரி. அடுத்த ஆணையம் என்ன அளவு வைக்கும் என்பதை அதன் வழிகாட்டு நெறிமுறையில் முதல் வேலையாகப் பாருங்கள். வார்டு விஷயத்தில் 10 சதவீதத்தைச் சட்டம் என்று எழுதாதீர்கள். முன்னுதாரணம் என்று எழுதுங்கள்.

அடுத்த கணக்கெடுப்புக்கான நிர்ணய நாள் (எந்த நாளின் மக்கள்தொகையைக் கணக்கில் கொள்வது என்ற நாள்) 2027 மார்ச் 1 என்று 2025 ஜூனில் அரசிதழில் அறிவிக்கப்பட்டது. நிர்வாக எல்லைகளை உறையவைக்க வைத்த நாள் 2025 டிசம்பர் 31. அதற்குப் பிறகு மாநகராட்சியின் எல்லை விரிந்தால், 2011-ல் வந்த அதே சிக்கல் மறுபடி வரும் என்பதை நினைவில் வையுங்கள்.

படி 2: தகவல் உரிமை மனுவை இப்போதே போடுங்கள்

எல்லை நகர்வது கணக்கெடுப்பு பிளாக்குகளை அலகாக வைத்து. ஒரு கணக்கெடுப்பாளருக்கு ஒதுக்கும் சிறு பகுதிதான் பிளாக்; ஒன்றில் தோராயமாக 600 முதல் 800 பேர். வார்டு மொத்தம் மட்டும் தெரிந்தால், ‘இந்த நாலு தெருவை நகர்த்தினால் எத்தனை பேர் நகர்வார்கள்’ என்பதற்குப் பதில் கிடைக்காது. பிளாக்வாரி மக்கள்தொகைப் பட்டியலும் பிளாக் வரைபடமும் வேண்டும். வெளியீடுகளில் கிடைக்காதவற்றைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். கட்டணம் 10 ரூபாய்; மாநில அரசு அலுவலகத்துக்கு நீதிமன்றக் கட்டண வில்லையாக ஒட்டலாம், மத்திய அரசின் கணக்கெடுப்பு அலுவலகத்துக்கு அஞ்சல் ஆணையாக (போஸ்டல் ஆர்டர்) அனுப்பலாம். நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய். பதில் தர அவகாசம் 30 நாள்.

அந்த 30 நாள்தான் பிரச்சினை. வரைவு வெளியான பிறகு கேட்டால், பதில் வருவதற்குள் ஆட்சேபணைத் தேதி போய்விடும். கணக்கெடுப்பு எண்கள் வெளியானதும், வரைவுக்குக் காத்திராமல், மனுவைப் போட்டுவிடுங்கள். கேட்பதையும் பிரித்துக் கேளுங்கள்: ‘வார்டு எண் இன்னதன் பிளாக்வாரி மக்கள்தொகை; பட்டியல் சாதி, பழங்குடி மக்கள்தொகை; பிளாக் எல்லை வரைபடத்தின் நகல்.’ ‘மறுவரையறை தொடர்பான எல்லா ஆவணங்களும்’ என்று கேட்டால் மொத்தமாகத் தட்டிக்கழிப்பது எளிது.

படி 3: எல்லையை நடந்து பாருங்கள்

இதைத் தவிர்ப்பவர்கள்தான் அதிகம், ஆனால் மனுவுக்கு உயிர் கொடுப்பது இதுதான். வார்டு வரைபடத்தை ஏ3 தாளில் அச்செடுத்து, பென்சிலோடு ஒரு ஞாயிறு காலை கிளம்புங்கள். இரண்டு பேர் போனால் நல்லது, ஒருவர் பார்க்க ஒருவர் எழுத. அறிவிக்கையில் எல்லை விவரம் பெரும்பாலும் வடக்கு, கிழக்கு, தெற்கு, மேற்கு என்று தெருப் பெயர்களாக இருக்கும். அதே வரிசையில் நடங்கள்.

சென்னையில் மூன்று இடத்தில் கால் இடறும். முதலாவது தெருப் பெயர். பிள்ளையார் கோயில் தெரு, காந்தி தெரு, முதல் குறுக்குத் தெரு இல்லாத நகர் இல்லை. மனுவில் தெருப் பெயரை மட்டும் எழுதினால் எந்தத் தெரு என்றே தெரியாது. நகர் பெயர், அஞ்சல் குறியீடு, பக்கத்தில் உள்ள பள்ளியோ தண்ணீர்த் தொட்டியோ சேர்த்து எழுதுங்கள். இரண்டாவது கதவு எண். ‘பழைய எண் 12, புதிய எண் 27’ என்று பலகையிலேயே இரண்டு எண் இருக்கும் ஊர் இது. எந்த எண் என்று சொல்லாமல் ‘12 முதல் 40 வரை’ என்று எழுதினால், அரைத் தெரு கைமாறிவிடும். மூன்றாவது, சாலையே எல்லையாக இருப்பது. அண்ணா சாலை போன்ற பெருஞ்சாலையின் நடுக்கோடு எல்லையானால் யாருக்கும் நஷ்டமில்லை. இருபதடிச் சந்தின் நடுக்கோடு எல்லையானால் எதிரெதிர் வீட்டுக்காரர்கள் இரண்டு கவுன்சிலரிடம் போக வேண்டும். சாக்கடை அடைப்பு ஒன்றுதான், ‘அது அந்த வார்டு’ என்ற பதில் இரண்டு பக்கமும் கிடைக்கும். அப்படிப்பட்ட சந்துகளைப் படத்தில் சிவப்பால் குறியுங்கள்.

நீர்நிலைகளையும் தண்டவாளத்தையும் தனியாகப் பாருங்கள். கூவம், அடையாறு, பக்கிங்காம் கால்வாய், ஓட்டேரி நல்லா எதுவானாலும், வரைபடத்தில் அக்கரை பக்கத்தில் இருப்பது போலத்தான் தெரியும். பாலம் எங்கே, அது வண்டி போகும் பாலமா நடைபாலமா, மழையில் மூழ்குமா என்று எழுதிக்கொள்ளுங்கள். கால்வாய்க்கு அப்பால் இருக்கும் நாலு தெருவை இந்தப் பக்க வார்டோடு சேர்த்திருந்தால், பாலம் வழியாகச் சுற்றும் தூரத்தைக் கிலோமீட்டரில் அளந்து போடுங்கள். ‘போக்குவரத்து வசதி’ என்று சட்டம் சொல்வதற்கு அந்த ஒரு எண்தான் சாட்சி.

சேர்ந்து வாழும் மக்களைக் கோடு பிளக்கிறதா என்பதையும் இந்த நடையில்தான் கண்டுபிடிக்க முடியும். ஒரு மீனவக் குப்பத்தின் வலைக்கூடம் ஒரு வார்டிலும் வீடுகள் மறு வார்டிலும் விழலாம். வாரியக் குடியிருப்பின் பத்துக் கட்டடங்களில் ஆறு இங்கே, நாலு அங்கே என்று போகலாம். ஒரு சமூகத்தின் குரலைக் கோட்டால் குறைக்க இரண்டு வழி உண்டு. ஒரு சமூகத்தை மூன்று நாலு வார்டுகளில் சிதறடித்து எங்கேயும் சிறுபான்மையாக்குவது ஒன்று. எல்லோரையும் ஒரே வார்டில் அடைத்து மற்ற வார்டுகளில் அவர்கள் குரலே இல்லாமல் செய்வது இன்னொன்று. முதலாவது உடனே கண்ணில் படும். இரண்டாவதுக்கு அந்த வார்டின் மக்கள்தொகையையும் சுற்றியுள்ள நாலு வார்டுகளின் மக்கள்தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

இடம்பெயர்க்கப்பட்டவர்களின் நிலைமை தனி. ஆற்றோரக் குடியிருப்புகளிலிருந்து கண்ணகி நகருக்கும், மாநகராட்சிக்கு வெளியே இருக்கும் பெரும்பாக்கத்துக்கும் கொண்டுபோகப்பட்டவர்கள், கணக்கெடுப்பு நாளில் எங்கே இருந்தார்களோ அங்கேதான் எண்ணப்பட்டிருப்பார்கள். கணக்கெடுப்புக்குப் பிறகு இடமாற்றம் நடந்திருந்தால், காலியான கரையோரத்துக்கு மக்கள்தொகை இருக்கும், நிரம்பிய குடியிருப்புக்கு இருக்காது. அடிப்படை எண்ணை இதற்காக மாற்றமாட்டார்கள். ஆனால் 10 சதவீத இடைவெளிக்குள் எந்த வார்டைச் சிறிதாக வைப்பது என்று முடிவெடுக்கும்போது, ஒதுக்கீட்டு ஆணைகளின் நகலோடு வரும் மனுவுக்கு எடை உண்டு.

படி 4: எடுத்தால் கொடுக்க வேண்டும்

ஆட்சேபணை மட்டும் எழுதினால் ‘பரிசீலிக்கப்பட்டது’ என்று முடிந்துவிடும். மாற்று எல்லையைக் கையில் கொடுத்தால் அதற்குப் பதில் சொல்ல வேண்டிவரும். மாற்று எல்லை என்பது கொடுக்கல் வாங்கல் கணக்கு. ஒரு வார்டிலிருந்து எடுக்கும் ஒவ்வொரு தலையும் இன்னொரு வார்டில் போய் உட்கார வேண்டும்; அந்த இரண்டாவது வார்டு வீங்கிவிட்டால் நீங்கள் பிரச்சினையைப் பக்கத்து வீட்டுக்குத் தள்ளியிருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

ஒரு கற்பனைக் கணக்கு. சராசரி 33,360. வரைவில் வார்டு ‘அ’ 38,900, அதாவது 16.6 சதவீதம் கூடுதல். பக்கத்து வார்டு ‘ஆ’ 29,700, அதாவது 11 சதவீதம் குறைவு. இரண்டுக்கும் நடுவே கால்வாய். ஆனால் கால்வாய்க்கு அப்பால் ‘ஆ’ பக்கம் இருக்கும் ஆறு பிளாக்குகளை ‘அ’-வோடு சேர்த்திருக்கிறார்கள். அந்த ஆறு பிளாக்குகளின் மொத்தம் 4,150. அவற்றை ‘ஆ’-வுக்கு நகர்த்தினால் ‘அ’ 34,750 (4.2 சதவீதம் கூடுதல்), ‘ஆ’ 33,850 (1.5 சதவீதம் கூடுதல்). ஒரே நகர்வில் இரண்டு வார்டும் வரம்புக்குள் வந்துவிட்டன, எல்லையும் கால்வாயோடு ஒட்டிப் போகிறது, மூன்றாவது வார்டு எதுவும் தொடப்படவில்லை. இவ்வளவு சுத்தமாக எப்போதும் அமையாது. அமையாதபோது மூன்று வார்டுச் சுழற்சி தேவைப்படும். நாலைத் தாண்டினால் விட்டுவிடுங்கள், அதை ஏற்க யாருக்கும் துணிவு வராது.

கணக்குக்கு எக்செல் போதும். ஒரு வரிசைக்கு ஒரு பிளாக்; பிளாக் எண், மக்கள்தொகை, பட்டியல் சாதி மக்கள்தொகை, வரைவு வார்டு, உங்கள் வார்டு என்று ஐந்து பத்தி (நெடுவரிசை). கடைசிப் பத்தியை மாற்ற மாற்ற மொத்தம் தானாக மாறும்படி வையுங்கள். வரைபடத்துக்கு கியூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருள் நல்லது. கற்றுக்கொள்ள நேரமில்லையென்றால் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் படத்தை அச்செடுத்து, வரைவு எல்லையைச் சிவப்பிலும் உங்கள் எல்லையைப் பச்சையிலும் கையால் வரையலாம். கறுப்பு வெள்ளை நகலில் இரண்டு நிறமும் ஒன்றாகிவிடும் என்பதால் ஒன்றைப் புள்ளிக்கோடாகப் போடுங்கள்.

தனித்தொகுதி, தனிவார்டு பற்றிய ஆட்சேபணையை எல்லை ஆட்சேபணையோடு கலக்காதீர்கள். சென்னையில் எழும்பூரும் திரு.வி.க. நகரும் தனித்தொகுதிகள். எல்லை மாறினால் பட்டியல் சாதி மக்களின் விகிதம் மாறும். விகிதம் மாறினால் ஒதுக்கீடு வேறிடம் போகலாம். எக்செல்லில் அந்தப் பத்தியை வைக்கச் சொன்னது இதற்காகத்தான். உங்கள் மாற்றத்தால் விகிதம் குறைகிறது என்றால் அதை மறைக்காமல் எழுதிவிடுங்கள். எதிர்த்தரப்பு கண்டுபிடித்துச் சொன்னால் மனு முழுவதும் சந்தேகத்துக்குள்ளாகும்.

படி 5: மனு

இரண்டு பக்கம் மனு, ஒரு பக்கம் அட்டவணை, ஒரு பக்கம் படம். அதற்கு மேல் யாரும் படிப்பதில்லை. மேற்சொன்ன கற்பனைக் கணக்குக்கு மனுவின் நடுப்பகுதி இப்படி இருக்கலாம்:

பொருள்: வார்டு ‘அ’, ‘ஆ’ இடையிலான எல்லை மீது ஆட்சேபணையும் மாற்று யோசனையும்.
பார்வை: வரைவு அறிவிக்கை எண், நாள்.

‘வரைவின்படி வார்டு அ-வின் மக்கள்தொகை 38,900, வார்டு ஆ-வின் மக்கள்தொகை 29,700. மாநகராட்சியின் வார்டு சராசரி 33,360. இணைப்பு 1-இல் கண்ட ஆறு பிளாக்குகள் (மொத்தம் 4,150 பேர்) கால்வாயின் கிழக்கே உள்ளன. இப்பகுதியிலிருந்து வார்டு அ-வின் மற்றப் பகுதிக்குச் செல்ல ஒரு நடைபாலம் மட்டுமே உண்டு. வாகனத்தில் செல்லச் சுற்றுத்தூரம் இணைப்பு 2-இல் குறிக்கப்பட்டுள்ளது. இவற்றை வார்டு ஆ-வுடன் சேர்த்தால் வார்டுகளின் மக்கள்தொகை முறையே 34,750, 33,850 ஆகும். வேறு எந்த வார்டின் எல்லையும் மாறாது. எல்லையைக் கால்வாயின் நடுக்கோடாக மாற்றியமைக்கக் கேட்டுக்கொள்கிறோம்.’

இதில் ‘அநீதி’, ‘சதி’, ‘வன்மையாகக் கண்டிக்கிறோம்’ எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். கோபம் நியாயமானதாகவே இருக்கட்டும், அதை எண்கள் சொல்லட்டும்.

ஒரே மனுவை ஐந்நூறு பேர் கையெழுத்திட்டு ஐந்நூறாக அனுப்புவது ஒரு வாதத்தை ஐந்நூறு முறை சொல்வதுதான். அதற்குப் பதில் குடியிருப்போர் சங்கம் எண்களோடு ஒன்று, மீனவர் சங்கம் வலைக்கூடத்தைப் பற்றி ஒன்று, பள்ளிப் பெற்றோர் பாலத்தைப் பற்றி ஒன்று என்று, ஒரே மாற்று எல்லையை வேறு வேறு காரணங்களால் ஆதரிக்கும் மூன்று மனுக்கள் போகட்டும். பக்கத்து வார்டுக்காரர்களிடமும் முன்கூட்டியே பேசுங்கள். அவர்கள் கையெழுத்தும் உங்கள் மனுவில் இருந்தால் எதிர்ப்பு மனு வர வாய்ப்பு குறையும்.

நேரில் கொடுத்தால் இரண்டாம் நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் நகராதீர்கள். மாநிலத் தேர்தல் ஆணையம் கோயம்பேடு பேருந்து நிலையத்துக்கு எதிரே, மாநகராட்சித் தலைமையகம் ரிப்பன் மாளிகையில். எங்கே கொடுக்க வேண்டும் என்பதை அறிவிக்கையைப் பார்த்து முடிவுசெய்யுங்கள். தபாலென்றால் ஒப்புதல் அட்டையோடு, கடைசித் தேதிக்கு ஐந்து நாள் முன்பாக. அந்தத் தேதிக்குள் போய்ச் சேர வேண்டும் என்பதுதான் கணக்கு.

படி 6: கருத்துக் கேட்புக் கூட்டம்

தொகுதி மறுவரையறையில் பொதுக் கூட்டம் நடத்துவது சட்டப்படி கட்டாயம். கட்சிக்காரர்கள் கூட்டமாக வருவார்கள், முன்வரிசை நிரம்பிவிடும். சீக்கிரம் போய்ப் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள். பேச இரண்டு நிமிடம்தான் கிடைக்கும் என்று வைத்துத் தயாராகுங்கள். எழுதிக்கொண்டு போய், வீட்டில் கடிகாரம் வைத்து இரண்டு முறை வாசியுங்கள். முதல் வாக்கியத்தில் மனு எண்ணும் வார்டு எண்ணும், இரண்டாவதில் குறை, மூன்றாவதில் இரண்டு எண்கள், இப்போது எவ்வளவு, மாற்றினால் எவ்வளவு, பிறகு படத்தை நீட்டுங்கள். வரவேற்புரை, வாழ்த்துரை வேண்டாம். யாராவது இடைமறித்தால் பதில் சொல்லாமல் படத்தைக் காட்டியே முடியுங்கள், பதிவாவது அதுதான்.

இறுதி ஆணைக்குப் பிறகு

மறுவரையறை ஆணையை நீதிமன்றத்தில் கேள்வி கேட்பதற்கு அரசியலமைப்பின் 329-ஆம் பிரிவு தடை போடுகிறது. நகராட்சி வார்டுகளுக்கு அதே தடையைப் போடுவது 243-இசட்ஜி பிரிவு. மேக்ராஜ் கோத்தாரி வழக்கில் 1966-ல் உச்ச நீதிமன்றம் இந்தத் தடையை உறுதி செய்தது. 2024-ல் வந்த தீர்ப்பொன்றில், ஆணை வெளிப்படையாகவே தன்னிச்சையானதாகவும் அரசியலமைப்பு விழுமியங்களுக்கு முரணாகவும் இருந்தால் நீதிமன்றம் தலையிடலாம் என்று சொல்லப்பட்டது. கதவு ஒரு விரற்கடை திறந்திருக்கிறது, அவ்வளவுதான். ‘பிறகு கோர்ட்டில் பார்த்துக்கொள்ளலாம்’ என்று ஆட்சேபணைக் காலத்தை விட்டுவிடுவதைவிடப் பெரிய தவறு இந்த விஷயத்தில் கிடையாது.

அரசிதழில் இறுதி எல்லை வந்ததும் உங்கள் எக்செல்லில் ஆறாவது பத்தி ஒன்று போட்டு அதையும் நிரப்புங்கள். கேட்டது முழுதாகவோ பாதியாகவோ ஏற்கப்பட்டதா என்பது அதில்தான் சரியாகத் தெரியும். நிராகரிக்கப்பட்டிருந்தால் காரணக் குறிப்பைத் தகவல் உரிமையில் கேட்டு வாங்கிக் கோப்பில் வையுங்கள்.

கடைசியாக ஒரு வேலை. எல்லை சரியாக வந்தும், வாக்காளர் பட்டியலை வார்டுவாரியாகப் பிரிக்கும்போது எல்லையோரத் தெருக்கள் தவறான வார்டில் போய் விழுவதுண்டு; ஒரே வீட்டில் அப்பா ஒரு வார்டிலும் மகள் இன்னொரு வார்டிலும் இருப்பார்கள். நீங்கள் நடந்து சிவப்பால் குறித்த அந்தச் சந்துகளின் பட்டியலை எடுத்து, வரைவு வாக்காளர் பட்டியலோடு கதவு எண் கதவு எண்ணாக ஒப்பிடுங்கள். பழைய எண், புதிய எண் இரண்டையும் பாருங்கள். தவறு இருந்தால், பட்டியல் இறுதியாவதற்குள் கோரிக்கை கொடுக்க அதற்கும் ஒரு தேதி போட்டிருப்பார்கள்.